பழைய கட்டட ஓவியத்தை வாழ்த்து அட்டையாக்க எந்த வழி?

ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாக வரைவது, லினோ எனும் மென்மையான தகட்டில் செதுக்கி அச்செடுப்பது, ஓவியத்தை ஸ்கேன் செய்து பிரதி எடுப்பது என்று மூன்று வழிகள்தான் பெரும்பாலும் பேசப்படுகின்றன. என் ஓட்டு நாலாவதற்கு: கோடுகளை மட்டும் அச்சடித்து, வண்ணத்தைக் கையால் தீட்டுவது.

தனி ஓவியத்துக்கு ஈடு இல்லை என்பது உண்மை. பேனாவின் அழுத்தமும் நீர்வண்ணம் காய்ந்த விளிம்பும் அப்படியே பெறுபவர் கைக்குப் போய்ச் சேரும். ஆனால் தூணும் வளைவுமாக நிறைந்த ஒரு முகப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தால் கை சலித்துவிடும். ஜன்னல் வரிசை சாயத் தொடங்கும். ஓரிருவருக்கு மட்டும் என்றால் வரையுங்கள்.

லினோவின் பலம் நிழல். ஆழமான வாசல்களும் மணிக்கூண்டும் கறுப்பு வெள்ளையில் கம்பீரமாக நிற்கும். நுண்ணிய சிற்ப வேலைப்பாட்டை எதிர்பார்க்கக் கூடாது. படம் இடவலம் மாறி விழும் என்பதால் டிரேசிங் தாளைப் புரட்டிப் போட்டுத்தான் படியெடுக்க வேண்டும். ஊரறிந்த கட்டடத்தில் கோபுரம் பக்கம் மாறி நின்றால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்!

ஸ்கேன் பிரதி எளிது, வேகமானது. ஏ5 தாளை இரண்டாக மடித்தால் ஏ6 அட்டை. ஏ4 அளவில் வரைந்த படம் அதில் நீள அகலத்தில் பாதியாகிவிடும், 0.1 மி.மீ. முனைப் பேனாவின் கோடு காணாமலே போகலாம். 0.3, 0.5 பேனாக்களில் வரைந்து, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்வது நல்லது. குறை என்னவென்றால், வண்ணமும் அச்சாகிவிட்டால் கைவேலையின் உயிர் போய்விடுகிறது.

அதனால்தான் நாலாவது வழி. இது புதிதும் அல்ல. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் அட்டை, விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கருதப்படுவது, கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணமிடப்பட்டதுதான். ஒரே கட்டடத்துக்கு ஓர் அட்டையில் காலை வெயில், இன்னொன்றில் மழைக்குப் பிந்தைய ஈரச் சுவர் என்று மாற்றித் தீட்டலாம். ஒவ்வொன்றும் தனி அட்டை.

லேசர் அச்சின் கறுப்பு தண்ணீரில் கரையாது. இன்க்ஜெட் மை பல சமயம் கரையும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு வண்ணத்தைத் தொடுங்கள். லேசர் அச்சு மடிப்பில் உதிரும் என்பதால், மதில் சுவரின் கோடுகளை மடிப்புக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள்.