லிபி (Libby) செயலியா, ஹூப்ளா (Hoopla) செயலியா?

அமெரிக்கப் பொது நூலக அட்டை இருந்தால் மின்னூல் இரவல் வாங்கப் பலருக்கும் கிடைப்பவை இந்த இரண்டு செயலிகள். வாசகருக்கு இரண்டுமே இலவசம். நூலகம் பணம் கட்டும் விதம்தான் வேறு.

லிபியில் பெரும்பாலும் நூலகம் வாங்கும் ஒரு உரிமத்துக்கு ஒரு சமயத்தில் ஒரே வாசகர். புதுப் புத்தகம் என்றால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த உரிமமும் நிரந்தரமல்ல. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் 26 இரவலோடு உரிமம் முடியும் என்று விதித்தது. வேறு சில பதிப்பகங்கள் 2 ஆண்டு கெடு வைக்கின்றன. ஏதோ கோப்பும் கிழிந்துபோகும் என்பது போல!

ஹூப்ளாவில் பொதுவாகக் காத்திருப்பு இல்லை. ஒவ்வொரு இரவலுக்கும் நூலகம் கட்டணம் செலுத்துகிறது. அதனால் மாதத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு. பெரிய பதிப்பகங்களின் புது வெளியீடுகள் அங்கே குறைவு.

காமிக்ஸ், ஒலிநூல் பிரியர்களுக்கு ஹூப்ளா சரி. எல்லோரும் பேசுகிற புது நாவல்தான் வேண்டுமா? லிபியில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள்.