ஊட்டி மலை ரயில் டிக்கெட் இலவசம் என்று போன் வந்தால் கவனம்

கோவைப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். பொருட்காட்சி வாசலில் கூப்பன் எழுதி வாங்கி, "குலுக்கலில் உங்களுக்கு மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் டிக்கெட் விழுந்திருக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட போயிட்டு வரலாம்" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு அப்படித்தான் போன் வந்தது.

டிக்கெட்டை வாங்கக் கணவன், மனைவி இரண்டு பேரும் ஒரு ஓட்டலுக்கு நேரில் வர வேண்டும் என்பது நிபந்தனை. போனால் அங்கே சுற்றுலா கிளப் மெம்பர்ஷிப் விற்கிறார்கள். மதியம் முழுக்க விடவில்லை. கிரெடிட் கார்டை இப்போதே தேய்த்தால் பாதி விலை, நாளைக்கு என்றால் இந்த ஆஃபர் கிடையாது என்று ஆள் மாற்றி ஆள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். நாங்கள் வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றோம். கடைசியில், டிக்கெட்டுக்குப் 'பதிவுக் கட்டணம்' என்று தலைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அதன் பிறகுதான் உண்மையான ஏமாற்று. டிக்கெட் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெயர்கள் இருந்தன, தேதி இருந்தது. பயணிகள் பட்டியலில் வலது ஓரம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. கோச், சீட் நம்பர், கன்ஃபர்மா வெயிட்டிங்கா என்பதெல்லாம் வருகிற இடம் அதுதான். மேலே இருக்க வேண்டிய, டிக்கெட்டின் அடையாள எண்ணான பிஎன்ஆர் நம்பரும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் முந்தின நாள் ராத்திரி முழு டிக்கெட்டை அனுப்பினார்கள். வெயிட்டிங் லிஸ்ட். "பயப்படாதீங்க மேடம், ஸ்டேஷன்ல நம்ம ஆள் இருப்பாரு, சீட் ஏற்பாடு பண்ணிடுவாரு" என்றார் அந்த நிறுவனத்திலிருந்து எங்களிடம் பேசிய பெண்.

காலையில் மேட்டுப்பாளையத்தில் அப்படி ஒரு ஆள் இல்லை. போனும் எடுக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) எங்கள் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "இது சார்ட் (பயணிகளோட கடைசிப் பட்டியல்) போட்டப்பவே தானா கேன்சல் ஆயிடுச்சுங்க. பணம் புக் பண்ணவங்க அக்கவுண்ட்டுக்குப் போயிரும். இத வெச்சு ஏற முடியாதுங்கம்மா." மாமியாருக்கு அந்த ரயிலில் போக எத்தனையோ வருட ஆசை. முட்டி வலியோடு விடியற்காலையில் கிளம்பி வந்தவரைப் பஸ்ஸில் ஏற்றிக் குன்னூருக்குக் கூட்டிப்போனோம். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

டிடிஇ சொன்னதை யோசித்துப் பார்த்தால் கணக்கு புரியும். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுக்க வெயிட்டிங்கிலேயே நின்றால் ரயில்வே அதைத் தானாக ரத்து செய்து, சிறு தொகை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியை எடுத்தவர் கணக்குக்கே திருப்பிவிடும். ஆக, அந்த நிறுவனத்துக்கு 'இலவச டிக்கெட்' கொடுத்ததில் பெரிய செலவு எதுவும் இல்லை. நம் ஐந்நூறு ரூபாய்கள் மட்டும் அவர்களிடம் நின்றுவிடும். கேட்டால், டிக்கெட் கொடுத்தோமே என்பார்கள்.

மலை ரயிலைத் தேர்ந்தெடுத்ததும் தெரிந்தேதான் என்று நினைக்கிறேன். அந்த 46 கிலோமீட்டர் பாதையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போக வழக்கமாகக் காலையில் ஒரே வண்டிதான். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம்; பல்சக்கரம் பிடித்து எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதனால் பெட்டிகள் குறைவு, சீட்டும் குறைவு. முன்பதிவு 60 நாளைக்கு முன்பே திறக்கிறது. சனி, ஞாயிறு சீட்டெல்லாம் வேகமாகத் தீர்ந்துவிடும். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குக் குடும்பத்துக்கே டிக்கெட் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அங்கேயே சந்தேகப்படுங்கள்.

யார் டிக்கெட் கொடுத்தாலும் முதலில் பிஎன்ஆர் நம்பரை வாங்குங்கள். 139-க்குப் போன் செய்தோ ரயில்வே தளத்திலோ நீங்களே பாருங்கள். நம்பர் தரமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டிக்கெட் நிலவரம் பற்றிய மெசேஜ் புக் செய்தபோது கொடுத்த போன் நம்பருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. வெயிட்டிங் டிக்கெட்டோடு 'ஏறிக்கலாம்' என்று சொல்வதை நம்பி ஏறிவிடாதீர்கள். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்ததாகக் கணக்கில் எடுத்து, கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் போடுவார்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். பரிசு என்று அறிவித்துவிட்டுத் தராத எண்ணத்தோடு நடப்பதும், வேறு விதத்தில் காசு வாங்கிக்கொண்டு இலவசம் என்று காட்டுவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மெம்பர்ஷிப்புக்கே லட்சக்கணக்கில் கட்டியவர்களுக்கும் இதே வழி உண்டு.

நாங்கள் 1915-ல் பதிந்துவிட்டோம். அந்த நிறுவனம் இன்னும் பதில் தரவில்லை. அடுத்து மாவட்ட ஆணையம்தான். இதே மாதிரி கூப்பன் உங்களிடம் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, அந்த வெட்டிய படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள்.