முசோலினியும் சலாசரும்: இரண்டும் ஒன்றல்ல

திருவல்லிக்கேணி டீக்கடையில் யாரைப் பிடிக்கவில்லையோ அவரை ‘பாசிஸ்ட்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளாஸைக் கீழே வைக்கிறார்கள். கெடுபிடி ஆட்சி எல்லாமே பாசிசம் ஆகிவிடாது.

போர்ச்சுகலின் சலாசரைப் பாருங்கள். 1932-இல் பிரதமர், 1968 வரை அசையவில்லை. ரகசியப் போலீஸ், தணிக்கை, சிறை எல்லாம் உண்டு. ஆனால் மக்களிடம் அவர் எதிர்பார்த்தது, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பதை. தெருவில் கோஷம் போட்ட நீலச்சட்டைக்காரர்களை (அந்த ஊர் பாசிஸ்ட் இயக்கம்) 1934-இல் அவரே தடை செய்தார்.

பாசிசத்தைத் தொடங்கிவைத்த இத்தாலியின் முசோலினிக்கு அந்த அமைதி போதாது. 1922-இல் கறுப்புச் சட்டைப் படையின் மிரட்டலில்தான் பதவிக்கே வந்தார் (பெரியாரின் கறுப்புச் சட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு கதை). அங்கே சும்மா இருப்பதே சந்தேகத்துக்குரியது. எட்டு வயதுப் பையனுக்கும் சீருடை, பொம்மைத் துப்பாக்கி, அணிவகுப்பு. நாடு சீரழிந்துவிட்டது, பழைய ரோமாபுரிப் பெருமையைப் போரால் மீட்க வேண்டும் என்று ஓயாத பேச்சு. கூட்டம் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சலாசரும் 1936-இல் இளைஞர் படை, கை நீட்டும் வணக்கம் என்று ஆரம்பித்தார்; அதனால் அவரையும் பாசிஸ்ட் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்க்க மாட்டேன். இரண்டாம் உலகப் போரில் அவர் ஒதுங்கி நின்றார். முசோலினி 1940-இல் தானாகவே போய்க் குதித்தார்.