ஒரே அச்சு, இரண்டு பெட்டி: மறுபதிப்பில் வந்த பீட்டர்பில்ட் 359

மேசையில் இரண்டு பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. இரண்டிலும் பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரி கிட், ஒரே லாரிதான். அமெரிக்க பீட்டர்பில்ட் 359, 1/25 அளவு (நிஜ லாரியில் 25-இல் ஒரு பங்கு), நீள மூக்கு, கேபினுக்குப் பின்னால் தூங்கும் அறை. ஒன்றை நான் வாங்கி இருபது வருடம் ஆகிறது. பாதி கட்டி அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டேன். மற்றது போன மாதம் கைக்கு வந்த மறுபதிப்பு. பழைய பெட்டிக்குக் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கு இதற்குக் கொடுத்தேன். கொடுத்த காசுக்கு என்ன வந்திருக்கிறது என்று ஒரு வாரம் வெர்னியர் அளவுகோலும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாக இரண்டு பெட்டியிலும் அளந்து பார்த்தேன்.

முதலில் ஒன்று. மறுபதிப்பு கிட்டின் அச்சு புதியது அல்ல. 1970களில் எஃகில் வெட்டிய அதே அச்சை வெளியே எடுத்து, துடைத்து, மறுபடியும் அதில் பிளாஸ்டிக் ஏற்றுகிறார்கள். ஆகவே கேபினின் வடிவம் அன்று எப்படியோ இன்றும் அப்படியே. மாறக்கூடியது அச்சின் தேய்மானம், குரோம் பூச்சு, டயர், டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படம்), குறிப்புத்தாள், அட்டைப்பெட்டி. அளவு சரியா என்று பார்ப்பது பழைய வடிவமைப்பாளரின் கணக்கைப் பார்ப்பது. விலை சரியா என்று பார்க்க, இந்த முறை வெளியிட்டவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நல்ல கிட்டுக்கும் கெட்ட பெயர் வந்துவிடும்.

அளவில் இந்த லாரி என்னை ஆச்சரியப்படுத்தியது. அமெரிக்க கனரக லாரிகளில் சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், அகலம் வெளிப்புறத்தில் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. 25-ஆல் வகுத்தால் 34.5 வர வேண்டும். இதில் 34.1 இருக்கிறது. ஒரு தலைமுடியின் கனத்தை எண்ணிச் சண்டை போடுகிறவர்கள்கூட இதில் குறை காண முடியாது. டயரும் அப்படியே: 11R22.5 என்ற அளவுள்ள டயரின் உயரம் சுமார் 1050 மி.மீ., கிட்டில் 42 வர வேண்டும், 42 தான் வருகிறது. தூங்கும் அறை 36 அங்குல ஆழம் கொண்டது என்று எடுத்துக்கொண்டால் 36.6, கிட்டில் 36.

சறுக்குவது சின்னச் சின்ன இடங்களில். பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் நீள அகலம் (16 அங்குலத்துக்கு 7) சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கனம் 1.4 மி.மீ. நிஜ லாரியில் அது 35 மி.மீ. தடியான பலகை! பழைய அச்சில் அதைவிட மெல்லியதாகப் பிளாஸ்டிக் நிரம்பாது என்பது புரிகிறது, ஆனாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். பின்புறத்தைத் தேய்த்துப் பாதியாக்கினேன். ஒரு கண்ணாடிக்கு அரை மணி நேரம்.

புகைக்குழாய் இதைவிட மோசம். 5 அங்குலக் குழாய் 5 மி.மீ. வர வேண்டும், அந்த அளவு வருகிறது. ஆனால் நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்து, குரோம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். குரோம் மேல் பசை பிடிக்காது, சுரண்டி ஒட்ட வேண்டும். ஒட்டினால் கோடு தெரியும், கோட்டைத் தேய்த்தால் குரோம் போகும். லாரியின் தலைக்கு மேல் பளபளவென்று நிற்க வேண்டிய பொருளில் இப்படி ஒரு கோடு. அந்தப் பாகங்களை ஒதுக்கிவிட்டு 5 மி.மீ. அலுமினியக் குழாயை வெட்டிப் போட்டுவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

அப்புறம் வருடக் கணக்கு. 359 என்ற லாரி 1967 முதல் 1987 வரை தயாரானது. இருபது வருடத்தில் அதன் முன்முகம் அகலமாகியிருக்கிறது, இன்னும் பல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. கிட்டில் இருப்பது ஆரம்ப கால வடிவம். ஆனால் புதிய டீக்கால் தாளில் உள்ள வண்ணப் பட்டைகள் பிந்தைய கால ரசனையில் இருக்கின்றன. அச்சு சரி, டீக்காலும் தனியாகப் பார்த்தால் அருமை, இரண்டும் ஒரே லாரியில் சேரும்போது காலம் ஒட்டவில்லை. பெட்டியில் இது எந்த வருட லாரி என்று ஒரு வரி போட்டிருக்கலாம். நிஜ லாரியைப் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் வேலையின் தொடக்கம்.

தேய்மானம் எப்படி? பழைய பெட்டியின் டிரைவ் ஷாஃப்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு மட்டும். புதியதில் நகத்தால் தடவினாலே படிக்கட்டு போலத் தட்டுகிறது. அச்சின் இரு பக்கமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஏறும் கைப்பிடிகளைச் சுற்றி அச்சின் இடுக்கில் கசிந்த பிளாஸ்டிக் மெல்லிய பிசிறாகப் படர்ந்திருக்கிறது; கைப்பிடியே எது, பிசிறு எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. ஒன்று உடைந்தது, கம்பியை வளைத்துப் போட்டேன். கேபினில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். பீட்டர்பில்ட் கேபின் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது. அந்த ரிவெட் வரிசைதான் அதன் அழகு. கூரையின் ஓரத்தில் அச்சின் பாதிகள் சேரும் கோடு சரியாக ரிவெட் வரிசையை ஒட்டியே ஓடுகிறது. கோட்டைத் தேய்த்தால் ரிவெட்டும் மழுங்குகிறது. முகம் பார்க்கும் இடத்திலாவது அச்சைச் செப்பனிட்டிருக்க வேண்டும்.

சேசிஸின் நீளக் கட்டைகளில் ஒன்று வளைந்து வந்தது. வெந்நீரில் காட்டி, கண்ணாடித் தட்டில் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு வைத்ததில் நேராகிவிட்டது. இந்த நீளத்துக்கு இது எதிர்பார்க்க வேண்டியதுதான். லாரி நான்கு மூலையும் தரையைத் தொட்டு நிற்க வேண்டுமானால் இந்த வேலையை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

இப்போது நல்ல செய்தி. டயர். என் பழைய பெட்டியில் டயர்களை மற்ற பாகங்களோடு சும்மா போட்டுவிட்டிருந்தார்கள். அந்த மென்மையான வினைலில் இருக்கும் எண்ணெய்ப் பசை வருடக்கணக்கில் கசிந்து, பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீனை, அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கை, கரைத்துவிடும். இருபது வருடம் கழித்துத் திறந்தபோது முன்கண்ணாடியின் நட்ட நடுவில் ஒரு டயரின் பட்டன்கள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. கண்ணாடி போயே போச்சு. புதிய பெட்டியில் பத்து டயரும் தனிப் பையில், கண்ணாடிப் பாகங்கள் வேறொரு பையில். பக்கவாட்டு எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன. டீக்கால் தாளும் முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்கு பெரியது. ஓட்டுநர் முன்னால் இருக்கும் கேஜ் முகங்கள்கூட இருக்கின்றன, பூதக்கண்ணாடியில் பார்த்தால் முள் தெரிகிறது. குரோம் மெல்லியதாக, கிரில் இடுக்குகளை அடைக்காமல் இருக்கிறது. பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பம்பரை இணைக்கும் காம்பு மட்டும் இன்னும் முன்புறத்திலேயே இருப்பதால், வெட்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுகிறது.

சரி, இரண்டரை மடங்கு? அச்சின் செலவு எப்போதோ திரும்பியாகிவிட்டது, பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். ஆனால் பீட்டர்பில்ட் என்ற பெயரைப் பெட்டியில் போட அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்; பீட்டர்பில்ட், இன்னொரு லாரிப் பெயரான கென்வொர்த் இரண்டுமே பாக்கார் நிறுவனத்துடையவை. குரோம் பூச்சு, டயர், பெரிய டீக்கால் தாள், இவ்வளவு பெரிய பெட்டியைக் கப்பலில் ஏற்றுவது எல்லாம் இன்றைய கூலியில் நடக்கிறது. ஒரு காரைப் போல இது ஆயிரக்கணக்கில் விற்றுப் பறக்கும் பொருளும் இல்லை. அதனால் இரண்டு மடங்கு வரை நியாயம் என்பேன். மீதி அரை மடங்குக்கு அந்தப் பிசிறையும் கூரைக் கோட்டையும் சரிசெய்திருக்க வேண்டும். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு அந்த வேலையை நம் தலையில் விட்டிருக்கிறார்கள்.

ஆனால் பழைய முதல் பதிப்பை சீல் உடையாமல் தேடி வாங்குவதா, இதை வாங்குவதா என்று யாராவது கேட்டால், கட்டுவதற்கு இதைத்தான் வாங்கச் சொல்வேன். பழையதில் டீக்கால் மஞ்சளாகி, தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகிவிடும். டயர் என்ன செய்திருக்கும் என்று திறந்தால்தான் தெரியும். டிரெய்லர் சேர்க்க நினைப்பவர்கள் மட்டும் பெட்டியில் அளவைப் பார்த்து வாங்குங்கள்: இத்தாலேரி என்ற இத்தாலிய கிட் நிறுவனத்தின் லாரிகள் 1/24. 280 மி.மீ. நீள லாரிக்கு 4 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றால் கிட்டத்தட்ட 12 மி.மீ. வித்தியாசம், பக்கத்தில் நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியும்.

நேற்று புதிய முன்கண்ணாடியைப் பழைய கேபினில் வைத்துப் பார்த்தேன். ஒரே அச்சு அல்லவா, சொடுக்குப் போட்டது போல உட்கார்ந்தது. இப்போது அதைத் தாளில் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரைபடத்தைக் கொண்டு தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் இன்னொன்றை வெட்டிவிட்டால், இருபது வருடமாகக் கண்ணாடி இல்லாமல் கிடக்கும் லாரியும் இந்த மாதமே சக்கரத்தில் நின்றுவிடும்.