வீட்டுக்குள் வைக்கும் செடிக்குச் செம்மண் கலவையா, கோகோபீட் கலவையா?

மூன்று வருடத்துக்கு முன்பு ஹாலில் இருந்த பீஸ் லில்லி வாடிப்போனதும் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மண் ஒரே கட்டியாக, தொட்டியின் அச்சிலேயே வந்து விழுந்தது. மேலே இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்து வெடித்திருந்தது. அடியிலோ சாக்கடை வாடை. வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உரிந்து, உள்ளே இருந்த நூல் மட்டும் கையோடு வந்தது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் சமமாகப் போட்டு நானே கலந்த கலவைதான் அது. அதே கலவையில் மொட்டை மாடியில் கத்தரியும் மிளகாயும் காய்த்துக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் வீட்டுக்குள் இருக்கும் செடிகளை ஒவ்வொன்றாகக் கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) கலவைக்கு மாற்றினேன். இரண்டையும் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டுக்குள் என்றால் என் ஓட்டு கோகோபீட்டுக்குத்தான்.

கோகோபீட் எடை குறைவு, சுத்தம், எறும்பும் களையும் குறைவு, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. கடையில் விற்கும் ரெடிமேட் கலவையும் பெரும்பாலும் கோகோபீட்டும் உரமும்தான். எந்த அளவில் கலந்திருக்கிறார்கள் என்பது பை மேல் இருப்பதில்லை. ஒன்றிரண்டு தொட்டிக்கு மட்டும் வேண்டும் என்றால் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

விஷயம் தண்ணீரில் இருக்கிறது. மாடியில் வெயிலும் காற்றும் தொட்டியை ஒரே நாளில் காயவைத்துவிடும். ஹாலில் இரண்டும் கிடையாது. செம்மண்ணின் பொடித் துகள்கள் நாள்பட நாள்பட ஒன்றோடொன்று இறுகி, காற்று போக வழியில்லாமல் ஆகிவிடுகின்றன. ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி அடிப்பகுதியிலேயே தங்கிவிடும். அடியில் கல் பரப்பினால் சரியாகிவிடும் என்று பலரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஈரம் தேங்குகிற மட்டம் கல்லுக்கு மேலே ஏறியது, அவ்வளவுதான். ஓட்டையை மூட ஒரு ஓட்டுச் சில்லு போதும்.

கோகோபீட்டும் தன் எடையைப் போல் ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடிக்கிறதே, அதில் மட்டும் வேர் அழுகாதா? அழுகும். ஆனால் எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை அந்தத் தொட்டியே சொல்லிவிடும். எனக்கு முடிவெடுக்க வைத்தது இதுதான். ஒரே அளவுள்ள இரண்டு ஆறு அங்குலத் தொட்டிகளைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். செம்மண் தொட்டி தண்ணீர் ஊற்றியதும் 3.2 கிலோ, மறுபடி ஊற்ற வேண்டிய நாளில் 2.7 கிலோ. கோகோபீட் தொட்டி ஊற்றியதும் 1.5 கிலோ, காய்ந்ததும் 0.7. அதாவது பாதிக்கும் கீழே. தராசே வேண்டாம், ஒரு கையால் தூக்கினால் தெரிந்துவிடும். மேல் பரப்பைப் பார்த்து ஊற்றுவதுதான் ஆபத்து. கோகோபீட் மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே நன்றாக ஈரம் இருக்கும். தூக்கிப் பார்க்கப் பழகிவிட்டால் இந்த ஏமாற்றம் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம்: கனமாக இருந்தால் தொடாதே, இலேசாக இருந்தால் ஊற்று.

இதற்கு ஒரு வேலை கூலியாக உண்டு, கழுவுவது. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. கழுவாமல் போட்டால் இலை நுனி கருகும். 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும் என்பதால் பாதியை உடைத்து டிரம்மில் போடுகிறேன். முதல் தண்ணீர் கெட்டி டிகாஷன் நிறத்தில் இறங்கும். ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்கும் டிடிஎஸ் பேனாவை (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) அதில் விட்டால் 1400 காட்டியது. நான்காவது அலசலில் 300. எங்கள் குழாய்த் தண்ணீரே 180 என்பதால் அங்கே நிறுத்திக்கொண்டேன். பேனா இல்லாதவர்கள் தண்ணீர் இளமஞ்சளாக வரும்வரை அலசினால் போதும். கடையில் 'லோ ஈசி' (உப்பு குறைந்தது) என்று கேட்டு வாங்கினால் இந்த வேலை பாதியாகக் குறையும். விலை கொஞ்சம் கூட.

கழுவிப் பிழிந்த கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரி கறுப்பாகவே இருக்க வேண்டும். எரிந்து வெள்ளைச் சாம்பலாகியிருந்தால் கலவையில் காரத்தன்மை ஏறிவிடும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் சேர்த்து, கலவையை ஈரமாக இரண்டு வாரம் மூடிவைத்துவிட்டுத்தான் நடுகிறேன். உடனே நட்டால் வெள்ளைப் பூசணம் படரும், ஹாலில் புண்ணாக்கு வாடையும் அடிக்கும். தண்ணீர் குறைவாகக் கேட்கும் ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ போன்ற செடிகளுக்குக் கோகோபீட்டைப் பாதியாக்கி, உடைத்த செங்கல் சல்லியைச் சேர்க்கிறேன்.

சத்து விஷயத்தில் செம்மண் ஒரு படி மேல்தான். கோகோபீட்டில் சாப்பாடு என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. மக்காத நார்க்கழிவில் தழைச்சத்தைவிடக் கரிமம் நூறு மடங்குக்கு மேல் இருப்பதால், மக்கும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் அது எடுத்துக்கொள்ளும். அதோடு சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. அதனால் மாதம் ஒருமுறை மண்புழு உரத்தை மேலே தூவிக் கிளறிவிடுகிறேன். முட்டை ஓட்டுத் தூளும் போடுகிறேன். அது கரைய மாதக்கணக்காகும் என்பதால், செடி பச்சையாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறை கலவை இரண்டு விரல் இறங்கிவிடுவதால் மேலே நிரப்பவும் வேண்டியிருக்கிறது.

செம்மண்ணை முழுக்க ஒதுக்கவில்லை. வெயில் படுகிற ஜன்னல் ஓரத்தில், பிளாஸ்டிக் இல்லாமல் மண் தொட்டியில் வைத்தால் அது நன்றாகவே நடக்கிறது. தொட்டியின் சுவர் வழியாகவே ஈரம் வெளியேறிவிடும். ஆளுயர அரேகா பாம் மாதிரிச் செடிக்கு அடிக்கனம் தேவை. இலேசான கலவையில் மின்விசிறிக் காற்றுக்கே சாய்ந்துவிடலாம். என்னிடம் இருப்பது இரண்டடி அரேகா ஒன்றுதான், அதற்குக் கால்பங்கு செம்மண் கலந்திருக்கிறேன். பெரிய பாமை இந்தக் கலவையில் நான் வளர்த்துப் பார்த்ததில்லை.

பீஸ் லில்லி இருந்த அந்தச் செம்மண் கட்டியை உடைத்து, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, மாடியில் கறிவேப்பிலை வைத்திருக்கும் டிரம்மில் போட்டேன். அங்கே அது இறுகவில்லை, கறிவேப்பிலை என் தோளுக்கு மேல் போய்விட்டது.