ஜன்மார்க் பேருந்தும் நம்ம ஊர் டவுன் பஸ்ஸும்: நெடுநாள் பயணியின் அனுபவம்

வேலைக்காக அகமதாபாத்தில் இருந்த காலம் முழுக்க நான் சொந்தமாக வண்டி வாங்கவில்லை. தமிழர்கள் நிறைய இருக்கும் மணிநகரில் வீடு, சிவரஞ்சனிப் பக்கம் வேலை. போக வர ஜன்மார்க்தான், அதாவது அந்த நகரத்தின் பி.ஆர்.டி. எனும் விரைவுப் பேருந்துச் சேவை. ஊர் திரும்பிய பிறகு உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு டவுன் பஸ்.

பி.ஆர்.டி. என்றதும் எல்லாரும் சாலை நடுவே கம்பி போட்டுப் பிரித்த தனிப்பாதையைத்தான் பேசுகிறார்கள். அகமதாபாத்தில் 2009 அக்டோபரில் முதல் தடம் ஓடத் தொடங்கியபோதும் அந்தப் பாதைதான் செய்தியானது. நெரிசல் நேரத்தில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்க, பஸ் பக்கத்திலேயே கடந்து போவது பெரிய நிம்மதி. ஆனால் தினமும் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நேரம் அதிகம் மிச்சமானது நிறுத்தத்தில்தான்.

நிறுத்தம் சாலையின் நடுவில் இருக்கும். சரிவுப் பாதையில் ஏறினால் வாசலிலேயே பயணச்சீட்டு. உள்ளே நடைமேடை, பஸ்ஸின் தரை எந்த உயரமோ அதே உயரம், சுமார் 900 மில்லிமீட்டர். பஸ்ஸுக்கு வலது பக்கமும் அகலமான கதவு. கதவு திறந்ததும் இறங்குகிறவர்கள் இறங்கிவிடுவார்கள், நிற்கிறவர்கள் அப்படியே உள்ளே நடப்பார்கள். படியும் இல்லை, சில்லறைப் பேச்சும் இல்லை. முழங்கால் வலியோடு வந்திருந்த அம்மாவை முதல் தடவை காங்கரியா ஏரிக்கு இதில் கூட்டிப்போனேன். "என்னடா இது, திண்ணையிலருந்து வீட்டுக்குள்ள போற மாதிரில்ல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஆட்டோ பிடி என்று அவர் கேட்கவே இல்லை.

குறைகளும் உண்டு. நிறுத்தம் நடுவில் இருப்பதால் போகும்போதோ வரும்போதோ ஓடும் வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடந்தே ஆக வேண்டும். வயதானவர்களுக்கு இது பெரிய சோதனை. பைக் ஓட்டுகிறவர்கள் தனிப்பாதைக்குள் நுழைவதும் அந்த நகரத்தில் தீராத தலைவலி. பஸ்ஸை ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் மேடைக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி விழும். குழந்தைகளோடு போகிறவர்கள் கீழே பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

தனிப்பாதை மட்டும் போதாது என்பதற்கு டெல்லியைப் பாருங்கள். அங்கே 2008இல் அம்பேத்கர் நகர் – மூல்சந்த் இடையே 5.8 கி.மீ. தடம் போட்டு, 2016இல் பிரித்தே எடுத்துவிட்டார்கள். தனிப்பாதை இருந்தது. ஏறும் முன்பே சீட்டு வாங்கும் வசதியும் சம உயர மேடையும் இல்லை. எல்லாத் தட பஸ்களும் அதே பாதையில் நுழைந்து வரிசை கட்டி நின்றன.

நம்ம கரைக்கு வருவோம். உச்சிப்புளி – ராமநாதபுரம் சாலையில் வழக்கமான நாளில் நெரிசலே கிடையாது, தனிப்பாதையும் தேவையில்லை. பஸ் தாமதமாவது எங்கே என்று பார்க்க வேண்டுமானால், கருவாட்டுக் கூடையோடு ஓர் ஆத்தா ஏறுவதைப் பாருங்கள். கூடையைத் தூக்கி மேல்படியில் வைக்கிறார். முந்தானையை இடுப்பில் செருகுகிறார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்துக்கொள்கிறார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அந்தப் படியின் உயரம் அப்படி. மகளிருக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அந்த நல்ல திட்டத்தை அதிகம் நம்பியிருப்பவர்களுக்கே ஏறுவது இவ்வளவு பாடு என்பதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

இதற்கு மேடை மட்டும் கட்டினால் போதாது, ஏனென்றால் நம்ம பஸ்களில் படி உள்ளேயே இருக்கிறது. தாழ்தளப் பேருந்துதான் வேண்டும். சென்னையில் 2024இல் அவை மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டன. ராமநாதபுரம் – ராமேஸ்வரம் தடத்துக்கும் சில வண்டிகள் கேட்பதில் தவறில்லை.

அதுவரை ஒன்று செய்யலாம். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் ராமேஸ்வரத்தில் கூட்டம் ஒரே வாசலில் முட்டும், கண்டக்டர் உள்ளே நசுங்கிக்கொண்டு சீட்டுக் கொடுப்பார். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட இடமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் பஸ் நிலையத்திலேயே மேசை போட்டுச் சீட்டுக் கொடுத்து, வரிசையில் நிறுத்தி, முன் பின் இரண்டு வாசலிலும் ஏற்றலாம். அடுத்த ஆடி அமாவாசைக்கே இதைச் செய்து பார்க்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக்காரர்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது.