களம் காணாதவருக்கு 5 கோடி டாலர்: என்எஃப்எல்-இன் பழைய கணக்கும் புதிய கணக்கும்

அமெரிக்கக் கால்பந்தில் (பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அதுதான்), அதன் தொழில்முறை லீகான என்எஃப்எல்-இல், ஓராண்டு இடைவெளியில் கையெழுத்தான இரண்டு ஒப்பந்தங்களை எடுத்துக்கொள்வோம். 2010 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை) முதல் ஆளாகத் தேர்வானவர் சாம் பிராட்ஃபோர்டு. செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவருக்கு 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அதில் 5 கோடி, ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவருக்குத்தான். அடுத்த ஆண்டு முதல் ஆள் கேம் நியூட்டன். கரோலினா பேந்தர்ஸ் கொடுத்தது 4 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 2.2 கோடி. இருவருமே குவார்ட்டர்பேக் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்), இருவருமே கல்லூரி ஆட்டத்தின் பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கியவர்கள், இருவருமே தொழில்முறைக் களத்தில் அதுவரை ஒரு பந்துகூட வீசாதவர்கள்.

இந்த இருவருக்கும் நடுவே வந்தது 2011 கதவடைப்பு. மார்ச் முதல் ஜூலை வரை உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் மல்லுக்கட்டி, கடைசியில் போட்ட உடன்பாட்டில் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டார்கள்.

பழைய முறையில் பேரம்தான் எல்லாம். போன வருஷம் இதே இடத்தில் வந்தவனுக்கு இவ்வளவு, என் ஆளுக்கு அதற்கு மேல் எவ்வளவு என்று ஏஜென்ட் உட்காருவார். 2009-ல் முதல் ஆளான மேத்யூ ஸ்டாஃபோர்டுக்கு உத்தரவாதத் தொகை 4.17 கோடி என்றால், 2010-ல் அது 5 கோடி ஆகாமல் என்ன செய்யும்?

இதில் அடி வாங்கியது யார் என்பதுதான் வேடிக்கை. டிராஃப்டில் முதல் வாய்ப்பு, போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு. நலிந்த அணி தேறிவரட்டும் என்று செய்த ஏற்பாடு அது. அந்த நலிந்த அணியின் தலையில்தான் லீகின் மிகப் பெரிய சூதாட்டமும் வந்து விழுந்தது. தேர்வு தப்பிப் போனால் பணமும் போச்சு, மூன்று நான்கு ஆண்டுகளும் போச்சு.

ஜமார்கஸ் ரஸ்ஸல் கதையைப் பாருங்கள். 2007-ன் முதல் ஆள், ஓக்லண்ட் ரெய்டர்ஸ். சம்பளம் படியாததால் ஜூலைக் கடைசியில் தொடங்கிய பயிற்சி முகாமுக்கு அவர் வரவேயில்லை. ஆகஸ்ட் முழுதும் போனது. பருவத்தின் முதல் ஆட்டமே முடிந்த பிறகு, செப்டம்பரில்தான் கையெழுத்துப் போட்டார். உத்தரவாதம் மட்டும் சுமார் 3 கோடி. ஒரு புது குவார்ட்டர்பேக்குக்கு அந்த முகாம்தான் பள்ளிக்கூடம். ஆட்டத் திட்டங்களை மனப்பாடம் செய்வதும், பந்தைப் பிடிப்பவர்களோடு கணக்கு ஒத்துவருவதும் அங்கேதான். அதைத் தவறவிட்டு வந்தவர் மூன்று பருவங்களில் 25 ஆட்டங்களைத் தொடங்கி 7-ல் வென்றார். 2010 மே மாதம் அணி அவரை விடுவித்தது. முழுப் பழியையும் சம்பளத்தின் மேல் போட மாட்டேன், ஆனால் அந்த ஆகஸ்ட் மாதத்தை விழுங்கியது பேரம்தான்.

சரி, புதிய முறைக்கு வருவோம். எத்தனையாவது ஆளாக வருகிறாரோ அதற்கு ஏறத்தாழ இவ்வளவு என்று தொகை முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது. ஒப்பந்தம் 4 ஆண்டு. முதல் சுற்று வீரர் என்றால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாமா என்பது அணியின் விருப்பம். முகாமுக்கு வராமல் முறுக்கிக்கொள்வது அநேகமாக ஒழிந்துவிட்டது. இவ்வளவும் நல்லதே. ஆனால் டிராஃப்டில் வந்தவர் மூன்று பருவம் முடியும்வரை சம்பளத்தைத் திருத்திப் பேசவே முடியாது என்று ஒரு விதியையும் சேர்த்தார்கள். என் குறை முழுக்க அதன் மேல்தான்.

அது எப்படி வேலை செய்கிறது? 2012-ல் சியாட்டில் சீஹாக்ஸ் அணி மேட் ஃப்ளின் என்ற குவார்ட்டர்பேக்கை மூன்று ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் பேசி அழைத்து வந்தது. அதே ஆண்டு 75-ஆவது ஆளாக வந்த ரஸ்ஸல் வில்சன் அவருடைய இடத்தைப் பறித்தார். 2013 பருவத்தில் சியாட்டிலின் கணக்கில் வில்சன் அடைத்துக்கொண்ட தொகை 7 லட்சம் டாலருக்கும் குறைவு. எல்லா வீரர்களுக்கும் சேர்த்து அணி செலவிடக்கூடிய உச்சவரம்போ 12.3 கோடி. மிச்சத்தை மற்றவர்களுக்குச் செலவழித்த சியாட்டில், 2014 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் டென்வரை 43-8 என்று துவைத்தது.

பத்தாண்டு கழித்து பிராக் பர்டி. 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆவது இடம். 2023-ல் சம்பளம் 8.7 லட்சம் டாலர். சக வீரர் ஒருவரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டு, சான் பிரான்சிஸ்கோவை சூப்பர் பௌல்வரை கொண்டுபோனார். மூன்று பருவம் முடிந்து 2025-ல் கதவு திறந்தபோது கிடைத்தது 5 ஆண்டுக்கு 26.5 கோடி.

பர்டி காத்திருந்து வாங்கிக்கொண்டார். குவார்ட்டர்பேக் 35 வயதுக்கு மேலும் ஆடலாம், காத்திருக்க முடியும். பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்கின் கதை வேறு. ஆட்டத்துக்கு இருபது முறை இடிபட்டு விழுகிறவரின் நல்ல வருஷங்களே அந்த முதல் நான்குதான். லெவியான் பெல் 2013-ல் இரண்டாம் சுற்றில் பிட்ஸ்பர்க் அணிக்கு வந்தார். மலிவு ஒப்பந்தம் முடிந்தபின் வெளியே விடாமல், ஓராண்டுக் கட்டுப்பாட்டில் மறுபடியும் பிடித்து வைத்தது அணி. 2018-ல் அதே கட்டுப்பாடு திரும்ப வந்தபோது, 1.45 கோடி டாலரை வேண்டாம் என்று சொல்லி அந்தப் பருவம் முழுக்க வீட்டில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க் ஜெட்ஸோடு பெரிய ஒப்பந்தம் கிடைத்தது, பழைய ஆட்டம் திரும்பவில்லை.

புதுமுகங்களிடம் பிடித்த பணம் மூத்தவர்களுக்குப் போனதா? ஒரு பகுதி போனது, ஓய்வுபெற்றவர்களின் நிதிக்கும் சேர்ந்தது. ஆனால் நடுத்தர மூத்த வீரருக்கு இதில் ஒரு பொல்லாத திருப்பம் உண்டு. 2024-ல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 7.95 லட்சம் டாலர், ஏழாண்டு கண்டவருக்கு 12.1 லட்சம். மாற்று வீரர் இடத்துக்கு ஆள் தேடும் அணி யாரை எடுக்கும்? இளையவன் விலை குறைந்தால் நமக்கு லாபம் என்று எண்ணிக் கையெழுத்திட்டவர்களில் எத்தனையோ பேரின் இடத்தை அந்த மலிவு இளையவனே பிடித்தான். உடன்பாடு பேசிய மேசையில் அடுத்த ஆண்டு வரப்போகும் கல்லூரிப் பையன்கள் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. இல்லாதவன் பங்கை வெட்டுவது எல்லாருக்கும் சுலபம்.

ஆக, பழைய முறை ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு அள்ளிக் கொடுத்தது. 2000-ல் 199-ஆவது ஆளாக வந்து பின்னாளில் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடிக்கு அந்தக் காலத்திலும் சில்லறைதான். புதிய முறை அந்தப் பத்துப் பேரைச் சரிசெய்துவிட்டு, முதல் ஆண்டிலேயே தன்னை நிரூபித்துவிட்டவனையும் நிரூபிக்காதவனாகவே நடத்துகிறது. இரண்டு முறைக்கும் பிராட்ஃபோர்டும் நியூட்டனும் சாட்சி: 5 கோடி உறுதியான பிராட்ஃபோர்டின் இடது முழங்கால் தசைநார் இருமுறை அறுந்தது, 2.2 கோடிக்கு வந்த நியூட்டன் 2015-ல் லீகின் மதிப்புமிக்க வீரர்.

இரண்டில் ஒன்று என்றால் நான் புதியதைத்தான் எடுப்பேன். ஆனால் சம்பளப் பேச்சுக்குப் போட்ட அந்த மூன்று பருவப் பூட்டு இரண்டு பருவத்தோடு திறக்க வேண்டும். டிராஃப்டில் யாரும் எடுக்காதவருக்கு ஏற்கெனவே அப்படித்தான்: ஒப்பந்தமே மூன்று ஆண்டு, இரண்டு பருவம் ஆனதும் திருத்திப் பேசலாம். எடுக்கப்பட்டவருக்கு மட்டும் ஏன் கூடுதல் தண்டனை?

2025-ல் இரண்டாம் சுற்று வீரர்கள் வேறு ஒரு மூலையில் இடித்துப் பார்த்தார்கள். ஹூஸ்டன் அணி ஜேடன் ஹிக்கின்ஸுக்கு நான்காண்டுத் தொகை முழுவதையும் உத்தரவாதமாக்கியதும், அந்தச் சுற்றின் மற்றவர்களில் பெரும்பாலோர் எங்களுக்கும் அதுவே வேண்டும் என்று ஜூலைவரை கையெழுத்துப் போடாமல் நின்றார்கள். தொகையைத் தொட முடியாது என்றான பிறகு, ஏஜென்ட்களுக்குப் பேரம் பேச மிஞ்சியிருப்பது அந்த உத்தரவாதம்தான்.